காணா நட்பு

(ஆட்டிசமுடைய இளைஞர் இணையவெளியில் தீங்கின்றி நண்பரைப் பெறுதற்குத் துணைசெய்யும் வகை குறித்து, நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறுமாறு எம்மை இம்மேடைக்கு அழைப்பது இச்சங்கத்தின் வழக்கம். இம்முறை யாமே வேறொரு பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற கூட்டம் முடிந்து விளக்கணைக்கும் வேளையில் தாயார் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, என் மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வயது 15 ஆகிறது. வகுப்பில் 40 பேர் இருந்தும் அவனோடு பேசுவார் ஒருவருமில்லை. கைப்பேசியில் மட்டும் யாரோ சிலரோடு எழுதி எழுதிச் சிரிக்கிறான். அவன் சிரிப்பைக் கண்டு மகிழ்வதா, அந்தப் பக்கம் இருப்பவர் யாரோ என்று அஞ்சுவதா?" என்று வினவினார்.

அன்று யாம் விடை கூறாது வீடு திரும்பினோம். அதே வினாவை முன்னொரு முறை மற்றொரு தந்தையார் எம்மிடம் கேட்டதுண்டு. அப்போது யாம் சிறிதும் தாழாது விடை கூறினோம். அவ்விடை பெரும்பிழையாய் முடிந்தது. அப்பிழையை மறையாது உரைத்தலும், அதனால் யாம் கற்றுக்கொண்டதைக் கூறுதலுமே இன்றைய எம் பணியாகும். ஆசிரியன் பிழை செய்தான் என்பதைக் கேட்பதில் மாணாக்கர்க்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு; ஆதலின் இங்குள்ள இளைஞர்கள் உறங்காது கேட்பர் என்று நம்புகின்றோம்.

ஆட்டிசம் என்பது யாது?

முதற்கண் அச்சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். சொல்லாராய்தல் எம் தொழிலாதலின் பொறுத்தருள்க. "தான்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது ஆட்டிசம் என்னும் பெயர். மாஸ்கோ நகரத்துப் பெண் மருத்துவர் குரூன்யா சுகாரேவா 1925-ஆம் ஆண்டிலேயே இத்தன்மையுடைய சிறுவரைக் கூர்ந்து நோக்கி எழுதியிருக்கின்றார். எனினும், அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் வெளியிட்ட கட்டுரையே இதனை மருத்துவ உலகம் பரவலாக அறியச் செய்தது. நம் நாட்டுச் செய்தித்தாள்கள் சில இதனை "மதியிறுக்கம்" என்கின்றன. அச்சொல் எமக்கு உடன்பாடன்று. இவர்தம் மதி இறுகிப்போனதன்று. வேறொரு வழியில் இயங்குவது. வழி வேறாயின் அதனை இறுக்கம் என்றல் தகாது. ஆதலின் யாம் வழக்கிலுள்ள ஆட்டிசம் என்னும் சொல்லையே ஆள்கின்றோம்.

இது தொற்றுவதன்று. பெற்றோர் வளர்த்த குறையால் வருவதன்று, தடுப்பூசியால் வருவதுமன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு இது. இத்தன்மை உடையார் ஒருவர்போல் மற்றொருவர் இரார். சிலர் வாய்திறந்து பேசார். எழுத்தாலும் படத்தாலும் கருத்துரைப்பர். சிலர் தமக்கு விருப்பமான ஒரு பொருளைப் பற்றி ஓயாது பேசுவர். பலர்க்கு இரைச்சலும் பேரொளியும் கூட்டமும் பொறுக்கலாகா. பிறர் முகக்குறிப்பும் குரற்குறிப்பும் கொண்டு உள்ளக்கருத்தை உய்த்துணர்தல் பலர்க்கு அரிது. சொல்லிய சொல்லைச் சொல்லியவாறே கொள்வர். "சும்மா சொன்னேன்" என்பதன் பொருள் அவர்க்கு விளங்குவதில்லை. பெண்மக்களிடத்தும் இஃது உண்டு. அவருட் பலர் அடக்கம் என்னும் போர்வையில் மறைந்து, காலங்கடந்தே அறியப்படுகின்றனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் எடுத்துரைக்கும் 21 வகைகளுள் இதனையும் ஒன்றாக ஏற்றிருக்கின்றது.

இவர்க்கு நண்பர் வேண்டுவதில்லை, தனிமையே இவர் விரும்புவது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். தனிமையை நாடுவாரும் உளர். ஆனால் விரும்பித் தனித்திருப்பது வேறு, ஒதுக்கப்பட்டுத் தனித்திருப்பது வேறு. இங்கிலாந்தில் டேமியன் மில்ட்டன் என்பார், தாமே ஆட்டிசமுடையவர், 2012-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இவர் பிறரை அறியாதது போலவே பிறரும் இவரை அறிவதில்லை. ஆதலின் குறை இருதலையும் உடையது, ஒருவர்மேல் மட்டும் அதனைச் சுமத்தல் முறையன்று என்பது அதன் சாரம். பின்னர் 2020-இல் எடின்பரோவில் ஒரு சோதனை நிகழ்ந்தது. ஒருவர்க்குக் கதையொன்றைச் சொல்லி, அவர் அடுத்தவர்க்குச் சொல்ல, இவ்வாறே வரிசையாகக் கைமாற்றுவித்தனர். ஆட்டிசமுடையோரே நிறைந்த வரிசையில் கதை கடைசிவரை பிறர் வரிசைக்கு ஒப்பவே நிலைத்தது. மிகுதியானோரைக் கொண்டு இதனைத் திரும்பவும் செய்து 2025-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், இவர் தம்முள் செய்தி உணர்த்துவதிற் பிறர்க்குக் குறைந்தவரல்லர் என்றே காட்டிற்று. ஆகவே, இவர்க்கு நட்புக்கொள்ளும் ஆற்றல் இல்லை என்பது பொய். அவ்வாற்றல் வெளிப்படுதற்கேற்ற இடம் வாய்ப்பதே அரிது.

முகம் காணா நட்பு புதியதன்று

"முகத்தைக் காணாது நட்பாவது எங்ஙனம்?" என்று பெரியோர் வினவுகின்றனர். தமிழர் இவ்வினாவை வினவலாகாது. உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர் என்பதைப் புறநானூறு கற்றார் அறிவர். அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, அவனை அதுகாறும் கண்டறியாத அப்புலவர் அவனிடம் வந்து சேர்ந்தார். அவ்விருவரையும் பிணித்தது முகமன்று, ஒத்த உணர்ச்சியே.

ஆட்டிசமுடைய இளைஞர்க்கு எழுத்தால் வரும் நட்பு எளிதாயிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். எதிரே நிற்பாரோடு பேசும்போது கண்ணை நோக்கவேண்டும், குரலை அளக்கவேண்டும், உடனே விடை கூறவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே நிகழ்தல் அவர்க்குப் பெருஞ்சுமை. எழுத்திலோ, வந்த செய்தியை இருமுறை படிக்கலாம். எண்ணி விடை எழுதலாம். களைத்தபோது திரையை மூடி வைக்கலாம். அஃதன்றியும், ஒரு வகுப்பில் உள்ள 40 பேருள் பழைய நாணயங்களை விரும்புவான் ஒருவனும் இல்லாதிருக்கலாம். உலகம் முழுவதிலும் தேடின் ஒரு நூற்றுவரேனும் கிட்டுவர். விருப்பம் ஒத்தவிடத்தே நட்பு முளைக்கின்றது.

இதற்கு உண்மையான சான்றொன்று கூறுவோம். மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டை இங்குள்ள சிறுவர் யாவரும் அறிவர். கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் எழுப்பும் விளையாட்டு அது. கனடா நாட்டில் ஸ்டூவர்ட் டங்கன் என்பார், ஆட்டிசமுடைய மகனுக்குத் தந்தை, தாமும் அத்தன்மை உடையவர். ஆட்டிசமுடைய சிறுவர் அவ்விளையாட்டின் பொதுவிடங்களுக்குச் செல்லும்போதெல்லாம் பிறர் அவரை எள்ளி நகையாடினர். அவர் கட்டியவற்றை இடித்தும் திருடியும் துன்புறுத்தினர். இம்முறையீடுகளைப் பெற்றோர் வாயிலாகக் கேட்ட டங்கன், 2013-ஆம் ஆண்டில் ஆட்டிசமுடையோர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் மட்டும் உரியதாக "ஆட்கிராஃப்ட்" என்னும் தனியிடம் ஒன்றை நிறுவினார். விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றவரே உள்ளே புகலாம். பிறர் கட்டியதை இடித்தல், திருடுதல், ஏசுதல் ஆகியன அங்கு விலக்கப்பட்டன. எப்போதும் கண்காணிக்கும் பெரியோர் உளர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் சேர்ந்தன.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. டங்கன் பிள்ளைகளை விளையாட்டினின்று விலக்கவில்லை. காப்பில்லாத இடத்தில் விட்டுவிடவுமில்லை. வாயிலும் காவலும் விதியும் உள்ள ஓர் இடத்தை அமைத்தார். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட அவ்வழியே அறிவுடைய வழி. யாம் அதனை அறியாது செய்த பிழையை இனிக் கூறுவோம்.

யாம் செய்த பிழை

சில ஆண்டுகட்கு முன் எம் வகுப்பில் 16 வயதுள்ள மாணாக்கன் ஒருவன் இருந்தான். ஆட்டிசமுடையவன். அவன் பெயரும் ஊரும் கூறோம். வகுப்பில் அவன் பேசியது மிகக் குறைவு. ஆனால் பழைய கல்வெட்டெழுத்துக்களில் அவனுக்கிருந்த பற்று அளவிறந்தது. வட்டெழுத்தில் ஓரெழுத்து நூற்றாண்டுதோறும் எவ்வாறு வளைந்தது என்பதைக் குறிப்புப் புத்தகம் நிறைய வரைந்து வைத்திருந்தான். தமிழ் கற்பிக்கும் எமக்கே அவன் சிலவற்றைக் கற்பித்தான். இணையத்தில் அவ்வெழுத்துக்களை ஆராயும் குழுவொன்றில் சேர்ந்து மூவரோடு நட்பானான். ஒருவன் யாழ்ப்பாணத்தான், ஒருவன் மலேசியாவில் ஈப்போ நகரத்தான். மூன்றாமவன் தன்னை மதுரையான் என்றும் வயது 17 என்றும் சொல்லிக்கொண்டான்.

அம்மூன்றாமவன் ஒருநாள் தன் தாய்க்கு நோய் என்று பணம் கேட்டான். பையன் தந்தையின் கைப்பேசியினின்று அனுப்பினான். மூன்று முறையாக 4,500 ரூபாய் சென்றது. "இதனை வீட்டில் சொல்லாதே; நண்பர்க்குள் இரகசியம்" என்று எழுதியிருந்தான்; இவனும் சொல்லவில்லை. நான்காம் முறை அவன் பணம் கேட்கவில்லை; மேலாடையில்லாத படம் ஒன்றைக் கேட்டான். வெளிச்சம் போதவில்லை, மறுநாட் பகலில் அனுப்புகிறேன் என்று பையன் விடையெழுதியிருந்தான். அவ்விரவே தந்தையார் அதனைக் கண்ணுற்றார்.

அவர் எம்மிடம் ஓடிவந்தார். யாம் ஒரு கணமும் எண்ணாது, "கைப்பேசியை வாங்கிப் பூட்டி வையுங்கள், எல்லாம் தானே அடங்கும்" என்றோம். அவ்வாறே செய்தார். எல்லாம் அடங்கிற்று, பையனும் அடங்கினான். 19 நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. உண்பதும் குறைந்தது. குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவுமில்லை. இருபதாம் நாள் அவன் தாயார் தாளொன்றை எம்மிடம் தந்தார். அதில் அவன் கையெழுத்தில் சில வரிகளே இருந்தன: "ஐயா, நண்பனுக்குத் துன்பம் வந்தால் கேட்டவுடன் உதவ வேண்டும் என்று பாடத்தில் சொன்னீர்கள். அவன் துன்பம் என்றான். நான் உதவினேன். எது பிழை? பிழை செய்தவன் ஒருவன். மூவரையும் எடுத்துவிட்டீர்கள்."

அன்பர்காள்! இருபது ஆண்டுகட்கு மேலாக யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். எம் கற்பித்தலை அத்தாளைப்போல் எடையிட்டார் எவருமிலர்.

கற்பிக்க மறந்த அதிகாரம்

வள்ளுவர் நட்பிற்கு ஓரதிகாரம் மட்டும் வகுத்தாரல்லர். 79-ஆம் அதிகாரம் நட்பு. அதனை அடுத்தே 80-ஆவதாக நட்பாராய்தல். பின்னர்ப் பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 83 வரை ஐந்ததிகாரங்கள் தொடர்கின்றன. நட்பின் பெருமையைக் கூறி முடித்தவுடனே அதனை ஆராய்ந்து கொள்ளுமாறு கூறிய அவ்வைப்பு முறையின் நுட்பம் நோக்குக. யாம் பாடத்தில் முதலாவதை விரித்துரைத்தோம், இரண்டாவதைத் தொடவேயில்லை. தேர்வுக்கு அது வரவில்லை என்பதே காரணம். ஏனைய மாணாக்கர்க்கு அதனால் பெருங்கேடு விளையவில்லை. நட்பாராய்தலை அவர் தெருவிலும் திண்ணையிலும் தாமே கற்றுக்கொள்வர். ஆட்டிசமுடைய பிள்ளை அவ்வாறு கற்பதில்லை. அவனுக்கு அதனை எழுத்தெழுத்தாக, வெளிப்படையாக, காரணத்தோடு கற்பிக்கவேண்டும். கற்பித்தால் நம்மினும் செவ்விதாகக் கடைப்பிடிப்பான்.

அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாஜசன், பிரெட் பிராங்கெல் என்போர் வகுத்த "பியர்ஸ்" என்னும் பயிற்சிமுறை இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. வாரந்தோறும் இளைஞர்க்கு ஒரு வகுப்பும் அவர் பெற்றோர்க்கு ஒரு வகுப்பும் உடன் நிகழும். ஒத்த விருப்பத்தை உரையாடிக் கண்டறிதல், பொருந்தும் நண்பரைத் தேர்தல், மின்னஞ்சல் முதலியவற்றில் நடந்துகொள்ளும் முறை ஆகிய யாவும் படிப்படியான விதிகளாகக் கற்பிக்கப்படும். பெற்றோர் வீட்டில் துணையாசிரியராவர்.

யாம் எம் மாணாக்கனிடம் சென்று பொறுத்தருளுமாறு வேண்டினோம். பின்னர் அவனும் அவன் பெற்றோரும் யாமும் கூடியமர்ந்து விதிகளை வகுத்தோம். "அந்நியரோடு பேசாதே" என்பதையே யாம் முதலில் எழுதினோம். அவன் உடனே, "எல்லாரும் முதலில் அந்நியர் தாமே, பின் நண்பர் எங்கிருந்து வருவர்?" என்றான். அதனை அடித்துவிட்டோம். பொருந்தாத விதியைக் கொடுத்தால் இப்பிள்ளைகள் அதன் ஓட்டையைக் கண்டு, பிறவிதிகளையும் ஐயுறுவர்.

அடுத்து, சொற்பொருளைத் தெளிவாக்கினோம். இணையத்தளங்கள் பொத்தானை ஒருமுறை அழுத்தியோரையெல்லாம் நண்பர் என்றே அழைக்கின்றன. சொல்லைச் சொல்லியவாறே கொள்ளும் பிள்ளைக்கு இதனினும் பெரிய பொறி வேறில்லை. ஆதலின் மூன்று சொற்களை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, அறிந்தோர். இவரோடு விருப்பப் பொருளைப் பற்றி மட்டும் பேசலாம். எழுத்து, நாணயம், விளையாட்டு எதுவாயினும் ஆகுக, அதற்கப்பால் செல்லலாகாது.

இரண்டாவது, பழகியோர். பல மாதம் தொடர்ந்து, மாறுபாடின்றிப் பேசியவர். இவரைப் பற்றி வீட்டிற் பெரியவர் ஒருவர்க்குச் சொல்லியாயிற்று. இவரோடு அன்றாடச் செய்திகளும், மகிழ்ச்சியும், வருத்தமும் பேசலாம்.

மூன்றாவது, நண்பர். இருவீட்டாரும் ஒருவரையொருவர் அறிந்து பேசியிருத்தல் வேண்டும். இக்காலத்துப் பொறிகள் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்ய வல்லன. ஆதலின் திரையில் ஒருமுறை முகம் கண்டமை மட்டும் சான்றாகாது.

இம்மூவர்க்கும் பொதுவான விலக்குகள் ஆறு: பணம் கொடாமை, கடவுச்சொல்லும் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் கூறாமை, வீட்டு முகவரி, பாடசாலை, நாடோறும் செல்லும் வழி ஆகியவற்றைக் கூறாமை, உடம்பின் படம் அனுப்பாமை, வீட்டார்க்கு மறைக்குமாறு சொல்லும் எதற்கும் உடன்படாமை, தனியே சென்று சந்தியாமை. சந்திக்க விரும்பின், பலர் நடமாடும் இடத்தில், பகலில், பெரியவர் துணையோடு சந்திக்கலாம்.

இவ்வாறினுள் எதனையேனும் ஒருவன் கேட்பானாயின் கூறவேண்டிய விடை ஒன்றே: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்." இச்சிறு வாக்கியத்தின் ஆற்றல் பெரிது. நல்லவன் "ஆகட்டும்" என்று காத்திருப்பான். தீயவன் காத்திரான், வற்புறுத்துவான், சினப்பான், "நீ உண்மை நண்பனல்லன்" என்று மனத்தைப் புண்படுத்துவான், அல்லது வாக்கியத்தைக் கேட்டவுடன் மறைந்துபோவான். முகக்குறிப்பை அறியவேண்டுவதில்லை; குரலை அளக்கவேண்டுவதில்லை. அவ்விடையே ஆராய்ந்து காட்டிவிடும். இளைஞர்க்கு யாம் கற்பிக்கும் நட்பாராய்தல் இதுவே.

மற்றொன்றும் உண்டு. நம் பிள்ளையாற் பிறர் துன்புறாமையும் வேண்டும். மறுமொழி வராதபோது அடுத்தடுத்து முப்பது செய்திகள் அனுப்புதல் கூடாது. ஒருமுறை எழுதிக் காத்திருக்கவேண்டும். ஒருவர் "வேண்டா" என்றால் அதனோடு நிறுத்தவேண்டும். அவ்வாறு நிறுத்தியது தோல்வியன்று, பண்பு என்பதையும் சொல்லித் தரவேண்டும்.

பெற்றோர் கடன்

இனிப் பெற்றோரை நோக்கிச் சில கூறுவோம். யாவற்றினும் முதன்மையானது ஒன்று. "என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், சொன்னதற்காகக் கைப்பேசியைப் பறியேன்" என்று பிள்ளைக்கு வாக்களியுங்கள், அவ்வாக்கைக் காத்து நில்லுங்கள். தன் நண்பர் அனைவரையும் இழக்கநேரும் என்று அஞ்சும் பிள்ளை, தனக்கு நேர்ந்த தீங்கை மறைத்துக்கொள்ளும். தீயோர்க்கு வேண்டுவதும் அதுவே. "வீட்டில் தெரிந்தால் பிடுங்கிவிடுவார்கள்" என்பதே அவர் கையிலுள்ள கருவி. அக்கருவியை அவர்க்குச் செய்து கொடுப்போர் நாமாதல் கூடாது. எமது பழைய அறிவுரை அதனைத்தான் செய்தது.

பிள்ளை அறியாமல் ஒற்றுப் பார்க்கவேண்டா. எதனைப் பார்ப்பீர், எப்போது பார்ப்பீர் என்பதை முன்னரே அவனோடு பேசி எழுதி வையுங்கள். வயதும் தெளிவும் வளர வளரப் பார்வையைத் தளர்த்துங்கள். 18 நிரம்பியவர் தம் வாழ்வைத் தாமே நடத்தும் உரிமையுடையவர். அவர்க்கு நாம் காவலரல்லேம், ஆலோசகரே. தொடக்கத்தில் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அவன் விரும்பும் விளையாட்டை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அவன் உங்களுக்கு ஆசிரியனாவான். அந்நிலையில் அவன் பேசாத பேச்செல்லாம் பேசுவான். பெருங்கூட்டமான இடத்தை விட்டு, ஒரே விருப்பமுடைய, மேற்பார்வையாளர் உள்ள சிறு குழுவைத் தேர்ந்து கொடுங்கள். நண்பர் ஒருவரே ஆயினும் போதும். தொகையைப் பெருக்க அவனை வருத்தாதீர்.

தீங்கு நேர்ந்துவிடின் கலங்கவேண்டா; பிள்ளையை வையவும் வேண்டா. செய்திகளை அழிக்காதீர், அவையே சான்று. அவற்றைப் படமெடுத்து வைத்தபின் அத்தீயவனைத் தடைசெய்யுங்கள். பணம் போயிருப்பின் 1930 என்னும் எண்ணிற்கு உடனே தெரிவியுங்கள். விரைந்து தெரிவித்தால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க இடமுண்டு. 18 வயதிற்குட்பட்டார்க்கு எத்தீங்கு நேரினும் 1098 என்னும் எண் இரவும் பகலும் துணைசெய்யும். சிறுவரிடம் ஆபாசப் படம் கேட்டல் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குற்றவாளி கேட்டவனே, பிள்ளையல்லன். அத்தகைய படம் ஏற்கெனவே சென்றுவிட்டதாயின், 2023 முதல் நடைபெற்றுவரும் "டேக் இட் டவுன்" என்னும் இலவசப் பணியை நாடலாம். படத்தை எவர்க்கும் அனுப்பாமலே அதன் அடையாளக் குறியை மட்டும் கொடுத்தால், அதனோடு சேர்ந்துள்ள தளங்கள் அப்படத்தைத் தேடி நீக்க முயலும். மிரட்டுவோர்க்குப் பணம் கொடாதீர். கொடுத்தார்க்கு மிரட்டல் நின்றபாடில்லை.

முடிவுரை

எம் மாணாக்கன் என்னானான் என்று கேட்பீர்கள். கைப்பேசி திரும்பக் கிடைத்தது. யாழ்ப்பாணத்து நண்பன் நாடோறும் ஒரு செய்தியாக, விடையின்றியே, எழுதி வந்திருந்தான். கல்வெட்டெழுத்தின் படமொன்றை அனுப்பி, "நீ வந்ததும் இதைப் படித்துச் சொல்" என்று முடித்திருந்தான். பையன் அன்று மாலைக்குள் அதனைப் படித்துவிட்டான். ஈப்போ நண்பனோ திரும்பவில்லை. ஏன் மறைந்தாய் என்று வருந்தி எழுதிவிட்டுக் குழுவினின்று விலகியிருந்தான். அவ்விழப்பு எம்மால் நேர்ந்தது. அதனை ஈடுசெய்ய எம்மால் இயலவில்லை. 4,500 ரூபாயும் திரும்பவில்லை. நாங்கள் காலந்தாழ்த்துத் தெரிவித்தோம்.

சில மாதங்கட்குப் பின் புதியவன் ஒருவன் அவனிடம் பணம் கேட்டான். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினான். அப்புதியவன் நான்கு வசைமொழிகளை எழுதிவிட்டு மறைந்தான். பையன் அத்தாளை எம்மிடம் காட்டி, "ஆராய்ந்துவிட்டேன் ஐயா" என்றான். எம் வாழ்நாளில் மாணாக்கர் எழுதிய விடைத்தாள்கள் பல்லாயிரம் திருத்தியிருக்கின்றோம். அதனினும் நல்ல விடையை யாம் கண்டதில்லை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் இம்மண்டபத்தின் பின்னறை வெறுமையாயிருக்கின்றது. அங்கு நான்கு மேசைகளும், அதிக ஒளியில்லாத விளக்குகளும், பொறுமையுடைய பெரியோர் இருவரும் இருந்தாற் போதும். ஆட்டிசமுடைய நம் பிள்ளைகள் தம் கருவிகளோடு வந்து, பேச விரும்பின் பேசியும், விரும்பாவிடின் அருகருகே இருந்தும், எழுதி விளையாடலாம். பெற்றோர் அடுத்த அறையில் கூடித் தாம் கற்றதை ஒருவர்க்கொருவர் சொல்லலாம். பெரியோர் இருவருள் ஒருவராக எம்மை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

சென்ற மாதம் விளக்கணைக்கும் வேளையில் வினவிய தாயார் இன்றும் இங்கு வந்திருக்கின்றார். அம்மையே! உங்கள் மகன் சிரிக்கும்போது நீங்களும் மகிழுங்கள். மகிழ்ந்துகொண்டே அவன் பக்கத்தில் சென்று அமர்ந்து, "இவர் யார்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். அவன் சொல்வான்.